சத்தம் கொடுத்துவிட்டு ஏறுகிறவன்

ஹுனைஸை நான்தான் கூப்பிட்டேன். டிஷ் பார்க்க எங்கள் ஊர் ஆலங்குடாவில் வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. கல்பிட்டியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் புருஷன் தாஹிருக்குத் தூரத்து உறவும்கூட. அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, என் தங்கை ஃபாஹிமாவின் கல்யாணத்தைக் கெடுத்தவனுக்கு நானே ஃபோன் எடுத்தேன். குரலில் தேன் ஒழுகக் கதைத்தேன்.

"நடந்தது நடந்துட்டு தம்பி. அதுக்காக காலம் முழுக்க மொகத்தத் திருப்பிட்டு இருக்க ஏலுமா? டீவீல ஒண்டும் வரல்ல. நீங்களே வந்து பாத்துக் குடுங்க."

"வாறன் ராத்தா" என்றான், பழையபடி அக்கா முறை வைத்து. வருவான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூரையில் அவன் நின்று வேலை செய்வதை நாலு பேர் கண்டால், பழைய கதையை நாங்களே மறந்துவிட்டோம் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். அந்த நல்ல பெயர் அவனுக்குத் தேவையாக இருந்தது.

டீவீ பழுதானதில் பாதிப் பங்கு தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு. மே மாதம் பிறந்தால் அந்தக் காற்றை நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க எங்கள் கரைக்கு வருகிறார்கள். அதே காற்று எங்கள் கூரைகளில் டிஷ்ஷைப் பிடித்து ஆட்டும். உப்பும் சேர்ந்தால் நட்டெல்லாம் துருப்பிடித்து இளகிவிடும். படம் விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. மீதிப் பங்கு என்னுடையது. முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுத்து, ஃபாஹிமா குளிக்கப் போன நேரம் பார்த்து, டிஷ்ஷின் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். டீவீ கறுத்துப்போனது. எனக்கு மனம் குளிர்ந்தது.

என்ன ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வாப்பா தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர். தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்து, கருவாட்டு மூட்டை சுமந்து, கல்லுக் கல்லாகச் சேர்த்து இந்த வீட்டைக் கட்டினார். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. எனக்கு ஒன்று கொடுத்தாயிற்று; இது ஃபாஹிமாவுக்கு. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருவதாகச் சொல்லி, எங்கள் வீட்டு வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனவன்தான் ஹுனைஸ். நிக்காஹ்வுக்கு ஏழு நாள் இருக்கும்போது வேண்டாம் என்றான். சும்மா வேண்டாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்போம். அவன் ஒரு காரணமும் சொன்னான். பக்கத்து வளவு ஹயாத்து முகம்மது ஹாஜியாரின் கூரையில் டிஷ் பூட்டிக்கொண்டிருந்தபோது, ஃபாஹிமா பின்வேலியடியில் எவனோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டானாம்.

பள்ளிவாசல் முன்னால் சொன்னான், தேத்தண்ணிக் கடையில் சொன்னான், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். கூரையில் நிற்கிறவனுக்கு நாலு வளவும் தெரியும். அவன் கண்டேன் என்றால் யார் இல்லை என்பது? அடுத்த மாதமே பாலாவியில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அந்த வருஷம் முடிய முன்னர் வாப்பா மௌத்தாகிவிட்டார். டாக்டர் இதயம் என்றார். நான் ஹுனைஸ் என்பேன்.

அதற்குப் பிறகு ஃபாஹிமாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவளும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. துணி தைப்பாள், தொழுவாள், டீவீ பார்ப்பாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் தாஹிரும் இங்கேயே வந்து தங்கிவிட்டோம். இப்போது இரண்டு வருஷம் கழித்து, இடப்பக்கத்து வளவு றைஸா மாமி ஒரு பேச்சுக் கொண்டுவந்தார். இப்ஹாம் என்று ஒரு பிள்ளை, படகு எஞ்சின் திருத்துகிறவர், நல்ல குணம். ஆனால் அவருடைய உம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்: அந்தக் கூரைக் கதை பொய் என்று தெரிந்தால்தான் பெண் பார்க்க வருவாராம்.

"நான் என்னத்தச் சொல்ற, புள்ள?" என்றார் றைஸா மாமி. "எனக்கு உங்கள நம்பிக்கதான். ஆனா கண்டண்டு சொன்னவன் இன்னும் மாத்திச் சொல்லல்லயே."

அன்றைக்குத்தான் நான் கொக்கத்தடியை எடுத்தேன். அவன் வாயிலிருந்து உண்மையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆள் நான் இல்லை. நடுப்பகல் வெயிலில் அந்தக் கூரைச் சீட்டின் மேல் அவன் வேக வேண்டும். ஒரு மிடறு தண்ணீர் கேட்டுத் தவிக்க வேண்டும். நான் கேட்காதவள் போல நிற்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். கீழே இருக்கிறவர் பார்த்துச் சொன்னால்தான் மேலே இருக்கிறவன் திருப்ப முடியும் என்பது டிஷ் வேலையின் விதி. சரியாக வந்தாலும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பொழுது சாயட்டும், எனக்கென்ன.

தாஹிர் கடலுக்குப் போயிருந்தார். ஹுனைஸ் உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். இரண்டு வருஷத்தில் தொப்பை வைத்திருந்தது. பாலாவி மாமியார் கைராசிக்காரி போலிருக்கிறது.

"ராத்தா, சொகமா இருக்கீங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ். ஏணி அந்தா சுவரடியில இருக்கு."

அவன் ஏணியைச் சாத்திவிட்டு, ஏறுமுன் இரண்டு கையையும் வாயருகே வைத்துச் சத்தம் கொடுத்தான். "கூரைல ஏறுறன், கூரைல ஏறுறன். எல்லாரும் உள்ளுக்குப் போங்க."

இது எங்கள் ஊர் வழக்கம். கூரையில் ஏறுகிறவன், தென்னையில் ஏறுகிறவன், தண்ணீர்த் தாங்கி கழுவ ஏறுகிறவன், யாராயிருந்தாலும் முதலில் சத்தம் கொடுக்க வேண்டும். கிடுகு வேலி தரையில் நிற்கிறவனைத்தான் மறைக்கும். கிணற்றடியில் குளிக்கிற பெண்கள், முக்காடில்லாமல் உடுப்புக் காயப்போடுகிற பெண்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு உள்ளே போய்விடுவார்கள். அவன் இறங்கும்வரை வெளியே வரமாட்டார்கள். றைஸா மாமியின் வாளி கிணற்றுக் கட்டில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. ஹாஜியார் வீட்டுப் பின்கதவு சாத்திக்கொண்டது. நாலு பக்கமும் அடங்கியது.

ஃபாஹிமாவுக்கு நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அறைக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு டீவீக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பாத்துச் சொல்றன் ராத்தா. நீங்க வாசல்ல நிண்டு அவருக்குச் சொல்லுங்க."

"உனக்கு ஏன்டி இது? நான் பாக்குறன்."

"உங்களுக்கு மெனு எடுக்கத் தெரியாது."

அது உண்மைதான். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். அங்கிருந்து ஃபாஹிமாவின் முதுகு தெரியும், டீவீ தெரியாது. அவன் மேலேயிருந்து கத்தினான்.

"ராத்தா, ரெண்டு கோடு வரும். மேல்கோடு ஸ்ட்ரெங்த். அதப் பாக்க வேணாம். கேபிள் ஒழுங்கா இருந்தாலே அது ஏறும். கீழ்கோடு குவாலிட்டி. அதப் பாத்துச் சொல்லுங்க."

பொய் சொல்ல நான் வாயைத் திறந்து தயாராக நின்றேன். அதற்குத் தேவையே வரவில்லை.

"பத்து" என்றாள் ஃபாஹிமா.

"பத்தாம்" என்று நான் கத்தினேன்.

டிஷ்ஷை முதலில் பூட்டியபோது அதன் தூணில் கீறிவைத்த பழைய அடையாளம் துருவுக்குள் இன்னும் தெரிகிறது என்றான். டிஷ்ஷை நூல் நூலாகத் திருப்பி அந்த அடையாளத்துக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பொறுத்துவிட்டுக் கேட்டான். பெட்டி உடனே காட்டாதாம், அதற்கும் அவகாசம் கொடுக்க வேண்டுமாம்.

"இப்ப?"

"பதினஞ்சு" என்றாள் ஃபாஹிமா.

"பதினஞ்சாம்."

"அடையாளம் சரியா வந்துட்டே ராத்தா. நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

"நல்லாப் பாத்துத்தான் சொல்றது."

அவனிடம் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டு சிக்னல் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று முன்பு இருந்தது. உப்புக்காற்று அதையும் தின்றுவிட்டதாம். அதனால் எங்கள் வாயை நம்பித்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. திசை சரியென்றால் பழுது வேறெங்கோ என்று, டிஷ்ஷின் முன்னால் கம்பியில் பூட்டியிருக்கிற கிண்ணத்தைக் கழற்றினான். கேபிள் முனையைச் சுரண்டித் துரு எடுத்தான், ஊதினான், திரும்பப் பூட்டி டேப் சுற்றினான்.

"இப்ப?"

"பன்னெண்டு."

"பன்னெண்டாம்" என்றேன். இந்தப் பழுது அல்லாஹ் எனக்காகவே அனுப்பியது என்று நினைத்தேன். நான் ஒரு பொய்யும் சொல்லாமலே அவன் வெந்துகொண்டிருந்தான்.

சீட்டில் கண்ட இடத்தில் மிதித்தால் உடையும் என்பதால் ஆணி வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த ஆணிகளும் கொதித்தன. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றான். சேர்ட் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"ராத்தா, கொஞ்சம் தண்ணி தாறீங்களா?"

"மோட்டர் வேல செய்யல்ல" என்றேன். பின்பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கிண்ணத்தை அதன் பிடியில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பார்த்தான். எட்டு என்றாள் ஃபாஹிமா, பதினொன்று என்றாள், திரும்பவும் எட்டு என்றாள். கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குழம்பிப்போய், கிண்ணத்தைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் ஃபாஹிமா கதிரையில் இருந்தபடியே, எனக்குச் சொல்லாமல், நேரே கூரைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"ஹுனைஸ் நானா, ஒரு விசயம் கேக்கவா?"

இரண்டு வருஷமாக அவளுடைய குரல் இந்த வாசலைத் தாண்டியதில்லை. மாப்பிள்ளையாக வர இருந்தவனை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லில் அவனை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மேலே ஸ்பேனர் சீட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"கேளுங்க" என்றான்.

"நீங்க கூரைல ஏற முந்தி எப்பவும் சத்தம் குடுக்கிறதா? இல்லாட்டி சில நேரம் குடுக்காமலும் ஏறுறதா?"

"என்ன கத இது? நான் எப்பவும் சத்தம் குடுத்துட்டுத்தான் ஏறுவன். ஊருக்கே தெரியும்."

"ஹாஜியார் ஊட்டு கூரைல ஏறின அண்டைக்கும்?"

"எண்டைக்கி?"

"என்னய வேலியடில கண்டண்டு சொன்னீங்களே, அண்டைக்கி."

 காற்று கிடுகு வேலியில் சரசரத்தது. அந்த வேலிகளுக்குப் பின்னால் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. ஊரையே உள்ளே போகச் சொல்லி, காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வைத்தவன் அவன்தான். 

"சத்தம் குடுத்துட்டு ஏறியிருந்தா, நானும் மத்தப் பொம்புளயலப் போல உள்ளுக்குப் பெய்த்திருப்பன்" என்றாள் ஃபாஹிமா. "அப்ப வேலியடில நீங்க யாரக் கண்டீங்க? சத்தம் குடுக்காம ஏறியிருந்தா, அண்டைக்கி நாலு வளவுப் பொம்புளயலயும் பாத்துட்டு நிண்டிருக்கீங்க. ரெண்டுல எது நானா?"

இடப்பக்க வேலிக்குப் பின்னாலிருந்து றைஸா மாமியின் குரல் வந்தது. "ஓம் தம்பி. அந்தக் கூரைக்கு எங்கட கெணத்தடியும் தெரியும். எனக்கும் அது தெரியோணும்."

இரண்டு வருஷம். நான் சாபம் போட்டேன், நெஞ்சில் அடித்துக்கொண்டேன், ஹுனைஸின் பெயரைச் சொல்லித் தேங்காய் உரித்தேன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பள்ளிவாசலில் இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தவள் இதைத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவன் ஏணிப் பக்கம் வந்தான். நான் முந்திக்கொண்டேன். ஏணியை இழுத்துத் தரையில் கிடத்திவிட்டு அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ராத்தா, ஏணிய வைங்க."

"சிக்னல் வரல்லயே தம்பி."

"கால் வேகுது ராத்தா."

"எங்களுக்கு ரெண்டு வருசமா வேகுது."

குதிக்கிறானா என்று எட்டிப் பார்த்தான். குதிக்க அந்தத் தொப்பை விடவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஹாஜியார் வீட்டுப் பக்கமிருந்து இன்னொரு பெண் குரல் கேட்டது. "சத்தம் குடுக்காம ஏறுற ஆளெண்டா இனி எங்கட வளவுக்கு வர வேணாம்." அதற்கும் அப்பாலிருந்து யாரோ ஓம் போட்டார்கள்.

அவன் பிழைப்பே கூரைதான். பொய்யன் என்று பெயர் வந்தால் பாலாவி மாமியாருக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கூரையிலிருந்து பெண்களைப் பார்க்கிறவன் என்று பெயர் வந்தால் புத்தளம் முழுக்க ஒரு வீட்டிலும் அவனுக்கு ஏணி கொடுக்க மாட்டார்கள். வெயிலில் நின்று அவன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"நான் சத்தம் குடுத்துட்டுத்தான் ஏறினன்" என்றான் முனகலாக.

"கேக்கல்ல நானா. காத்து" என்றாள் ஃபாஹிமா.

"சத்தம் குடுத்துட்டுத்தான் ஏறினன்."

"அப்ப என்னயக் கண்டீங்களா?"

"இல்ல."

"ஏறக்குள்ள குடுத்த அந்தச் சத்தத்துலயே சொல்லுங்க. மாமிக்குக் கேக்கோணும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, ஏறும்போது எந்தத் தொனியில் கூவினானோ அதே தொனியில் கூவினான். "நான் ஒண்டையும் காணல்ல. வேலியடில ஆரும் நிக்கல்ல. நான் சும்மா சொன்ன."

"ஏன் சொன்னீங்க?"

"பாலாவியில மாடி ஊடு தாறண்டு சொன்னாங்க. உங்கள வேணாமெண்டு சொல்ல ஒரு காரணம் வேணும். உம்மாவும் சொல்லச் சொன்னா."

"எங்களுக்குக் கேட்டிச்சி" என்றார் றைஸா மாமி வேலிக்குப் பின்னாலிருந்து. "நல்லாக் கேட்டிச்சி, புள்ள. நான் இப்பவே இப்ஹாம்ட உம்மாவுக்கு கோல் எடுக்கிறன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாப்பாவை நினைத்தேன். பள்ளிவாசல் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றவருக்கு இது கேட்காமல் போயிற்று. ஏணியை எடுத்துக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. அஸர் வரை, மஃரிப் வரை, மழைக்காலம் வரை அவன் அங்கேயே நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போது ஃபாஹிமா வெளியே வந்தாள்.

ஏணிக்காக நான் இறங்கியது ஆத்திரத்தில்; கூரையில் ஓர் ஆண் நிற்கும்போது எங்கள் ஊரில் ஒரு பெண் முற்றத்துக்கு வருவதில்லை. அவள் முக்காட்டை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு, படியிறங்கி, முற்றத்தின் நடுவில் வெயிலில் போய் நின்று அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அவன் சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். பழக்கம் அப்படி.

"ஏன் திரும்புறீங்க?" என்றாள். "பாருங்க. இப்ப நீங்க கூரைல நிக்கிறீங்க, நான் வளவுல நிக்கிறன். இப்பக் கண்டதுதான் உண்மை. பெய்த்து ஊர்ல சொல்லுங்க, கண்ணால கண்டண்டு."

அவன் திரும்பவில்லை. கடற்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். தூரத்தில் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. அவள் வேண்டிய மட்டும் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம், "ஏணிய வைங்க ராத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வைத்தேன். அவன் இறங்கினான். இறங்கிவிட்டேன் என்று வழக்கம்போலச் சத்தம் கொடுக்கவும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சுடுமணலில் ஓடி, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். இறங்கிவிட்டான், வெளியே வாருங்கள் என்று நான்தான் நாலு பக்கமும் கூப்பிட்டுச் சொன்னேன். றைஸா மாமியின் வாளி மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கியது.

உள்ளே போனேன். டீவீயில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான படம். ஒரு பெண் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் இல்லை.

"இது எப்ப வந்திச்சி?"

"அவர் அடையாளத்துக்குத் திருப்பினாரே, அப்பவே வந்துட்டு" என்றாள் ஃபாஹிமா, டீவீயிலிருந்து கண்ணை எடுக்காமல். "தொண்ணூறுக்கு மேல."

 அவ்வளவு நேரமும் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் எட்டு, பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அடுத்த முற கொக்கத்தடியால மெதுவாத் தட்டுங்க ராத்தா. குளிக்கிற அறைக்கே கேட்டிச்சி" என்றாள். ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இப்ஹாமின் உம்மா பெண் பார்க்க வந்தார். வட்டிலப்பம் செய்தேன். அவர்கள் போன பிறகு முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். ஹுனைஸின் ஸ்பேனர் அவன் கைதவறிய இடத்திலேயே, டிஷ்ஷுக்குக் கீழே கிடக்கிறது. துரு ஏறத் தொடங்கிவிட்டது. தாஹிர் எடுத்துக் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தேவையென்றால் அவனே வரட்டும். சத்தம் கொடுத்துவிட்டு ஏறட்டும்.